தோட்டம் வீடமைப்புத் தாமான் ஆனால் வட்டாரத்துக்கு என்ன ஆகும்?

கெடாவின் பீடோங்கில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனைத் தோட்டத்தில் ஒரு பகுதியை வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாற்றப் போவதாகப் பேச்சு. அப்பா அதை வளர்ச்சி என்கிறார், பாட்டி அழிவு என்கிறார். நிலப் பயன்பாடு மாறினால் ஒரு வட்டாரத்தின் நிலைத்த வளர்ச்சிக்கு உண்மையில் என்ன ஆகிறது?"

தம்பி, இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். சுங்கை பட்டாணியைச் சுற்றி இருபத்தைந்து வருடம் நில அளவை வேலை பார்த்தவன் நான். புல்லுக்குள் புதைந்த தோட்ட எல்லைக் கல்லைத் தேடி எடுத்து, அதே நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறேன். அதில் நான் கண்டது இதுதான். நிலம் மாறுவதால் வரும் லாபம் வேலிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. செலவோ தண்ணீராக, பாதையாக, பள்ளிக்கூடமாக வட்டாரம் முழுக்கப் பரவுகிறது. அந்தச் செலவை யார் சுமப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஊர்கள் நன்றாக இருக்கின்றன. எழுதி வைக்காத ஊர்களில் இன்னும் வாளியும் துடைப்பமுமாக நிற்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலம் மாறுவது இது முதல் தடவை இல்லை. காடாக இருந்தது ரப்பர் பால்மரக் காடாயிற்று, பால்மரம் செம்பனையாயிற்று. இந்நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். 1960இல் மொத்தம் ஏறக்குறைய 55,000 ஹெக்டரில்தான் செம்பனை இருந்தது. 2020இல் அது 58 லட்சம் ஹெக்டரைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு பங்கு காட்டை வெட்டி வந்தது, இன்னொரு பங்கு பால்மரத்தைச் சாய்த்து வந்தது.

பால்மரத்தில் இருந்து செம்பனைக்குப் போனபோது சட்டப்படி நிலத்தின் வகை மாறவே இல்லை. கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இரண்டுமே விவசாயம்தான். பெரும்பாலும் வகை மாற்ற மனு எதுவும் போட வேண்டியிருக்கவில்லை, வெளியில் இருப்பவர்கள் ஆட்சேபம் சொல்லவும் வழியில்லை. ஆனால் தோட்டத்து மக்களின் வாழ்க்கையை வேரோடு புரட்டியது அந்த மாற்றம்தான். பால்மரத்துக்கு விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் போவார்கள், ஆளுக்கொரு நிரை வெட்டுவார்கள். செம்பனைக்கு அதே பரப்பில் பாதி ஆள்கூடத் தேவையில்லை. குலை வெட்ட ஒருவர், உதிரி பொறுக்க ஒருவர், ஏற்ற ஒரு டிராக்டர் இருந்தால் போதும். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எழுபது குடும்பம் இருந்தது. மறுநடவு முடிந்த மூன்றாம் வருடம் பதினெட்டு. ஆயாக் கொட்டகையை மூடினார்கள், பிறகு மருந்தகத்தை மூடினார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தது பள்ளிக்கூடமும் மாரியம்மன் கோயிலும்தான்.

அதனால் நிலப் பயன்பாடு என்றால் வரைபடத்தில் பச்சை மஞ்சளாவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த நிலம் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது, எவ்வளவு மழையைக் குடிக்கிறது என்பதும் அதில் அடக்கம்.

சரி, இப்போது சட்டம். மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருகிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போக 124ஆவது பிரிவின் கீழ் மனுச் செய்ய வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் மாநிலத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். விவசாய நிலம் கட்டட நிலமாகும் அந்த ஒரு நாளிலேயே அதன் விலை பல மடங்காகிவிடும். மாநிலங்களுக்கு வருமான வழிகள் குறைவு. நிலம், காடு, கனிமம் ஆகியவற்றை விட்டால் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. மனுவை ஒப்புக்கொள்பவருக்கே அதில் வருமானமும் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றமாகச் சொல்லவில்லை, அமைப்பே அப்படி.

தோட்டத்தைத் துண்டாடுவதற்கு ஒரு தடுப்பும் இருக்கிறது. அதே சட்டத்தின் 214A பிரிவுப்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். இது சும்மா வந்ததில்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அப்போதுதான் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில்தான் இருக்கிறது, புக்கிட் சிடிம். நிலத்தைக் கையில் வைத்திருப்பவரே அதன் மாற்றத்தைத் தீர்மானிக்கிறார் என்பதை அன்றைக்கே அவர் சரியாகப் பிடித்தார். நிலப் பயன்பாடு பற்றி நம்மவர்கள் எடுத்த மிகப் பெரிய முடிவு அதுதான் என்பது என் எண்ணம்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நூறு ஏக்கர் என்பது சுமார் 40 ஹெக்டர். அதன் மேல் ஒரு மாலை மழை 50 மில்லிமீட்டர் பெய்தால் விழும் தண்ணீர் 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். எட்டு ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் நிரம்பும். முதிர்ந்த மரங்கள் நிற்கும் நிலத்தில் இதில் ஒரு பங்கு இலையில் தங்கும், ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும், மீதி மெதுவாக வாய்க்காலுக்கு வந்து சேரும். தரையை மூடும் பயறு வகைக் கொடி ஓடவிட்டு, சரிவில் படி வெட்டி, மண் தங்கக் குழி தோண்டியிருந்த பழைய தோட்டங்களில் இது இன்னும் நன்றாக நடந்தது. அதே நிலத்தில் கூரையும் தார் ரோடும் சிமென்ட் முற்றமும் வந்துவிட்டால், அந்த 2 கோடி லிட்டரும் ஏறக்குறைய முழுசாக, அதுவும் ஒரே சமயத்தில், கால்வாய்க்கு வந்துவிடும். மழை கூடவில்லை. தண்ணீர் வந்து சேரும் வேகம்தான் கூடிவிட்டது.

என் சின்னம்மா வீடு இதற்குச் சாட்சி. அவர் இருப்பது மேட்டுத் தோட்டத்துக்குக் கீழே, எண்பதுகளில் கட்டிய ஒரு பழைய தாமானில். மேலே தோட்டம் இருந்த காலத்தில் அவர் வீட்டுப் பின்பக்க அல்லூரில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடும், பிள்ளைகள் கப்பீஸ் மீன் பிடிப்பார்கள். மேட்டை வெட்டிப் புதுத் தாமான் கட்டத் தொடங்கிய வருடம் தண்ணீர் பால் கலந்த தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. வீடுகள் எழுந்த பிறகு வந்த முதல் பெருமழையில் வீட்டுக்குள் வந்தது. அவர் வீட்டு மர அலமாரியில் கீழ்ப் பலகைக்கு மேலே மூன்று விரல் உயரத்தில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாதைக்கு அடியில் போகும் சிமென்ட் குழாய் தோட்ட காலத்தில் போட்டது, வாய் 900 மில்லிமீட்டர்தான். மேட்டில் இருந்து வரும் தண்ணீர் முழுவதும் அதற்குள் நுழைந்தாக வேண்டும். புதுத் தாமானின் வரைபடத்தில் வெள்ளம் தேக்கும் குளம் ஒன்று போட்டிருந்தார்கள், தோண்டியும் இருந்தார்கள். ஆனால் அதன் வாயில் புல் ஆள் உயரம், நடுவில் யாரோ வீசிய மெத்தை. மேம்பாட்டாளரைக் கேட்டால் "ஒப்படைத்துவிட்டோம்" என்றார்கள். அலுவலகத்தில் கேட்டால் "இன்னும் பொறுப்பேற்கவில்லை" என்றார்கள். குளத்துக்குச் சொந்தக்காரர் இல்லாத அந்த நாலு வருடத்தில் சின்னம்மா வீட்டில் மூன்று முறை வெள்ளம்.

2000ஆம் ஆண்டிலேயே வடிகால் நீர்ப்பாசன இலாகா மழைநீர் நிர்வாகத்துக்கென்று ஒரு கையேட்டை வெளியிட்டது. மஸ்மா என்பார்கள். மேம்பாட்டுக்குப் பிறகு ஓடி வரும் உச்ச நீர், முன்பு வந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். விதி நல்ல விதி. ஆனால் அது ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒரே ஆற்றுக்குத் தண்ணீர் விடும் பத்துத் தோட்டங்கள் பத்து வருடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக மாறும்போது, பத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது யார்? வட்டாரத் திட்டம் என்பது அந்தக் கூட்டல்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை தண்ணீர் ஏறியதை நாடே பார்த்தது. அந்த வெள்ளப் பருவத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அப்போது பெய்தது அசாதாரண மழைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மழையை வாங்கிக்கொள்ள அந்தப் படுகையில் எவ்வளவு மண் மிச்சம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இன்னும் கொஞ்சம் மேலே போனால் நம் வட்டாரத்தின் உயிர்நாடி தெரியும். மூடா ஆறு உலு மூடா காட்டில் பிறக்கிறது. மூடா, பெடு அணைகள் அந்தக் காட்டுத் தண்ணீரைத் தேக்கித்தான் வருடத்துக்கு இரண்டு போகம் நெல் விளைய வைக்கின்றன. நாட்டின் நெல் களஞ்சியம் என்று கெடாவைச் சொல்வது அந்தத் தண்ணீரை நம்பித்தான். கீழே வந்தால் பினாங்கு மாநிலம் தன் மூலநீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இதே மூடா ஆற்றில் எடுக்கிறது. ஆக, மலையில் ஒரு மரம் விழுந்தால் வயலுக்கும் குழாய்க்கும் தொழிற்சாலைக்கும் சேதி போகிறது. ஆனால் மரம் வெட்டும் உரிமத்தில் வருமானம் கெடாவுக்கு, தண்ணீரின் பலனில் பெரும்பங்கு கீழே இருப்பவர்களுக்கு. காட்டைக் காப்பாற்றும் மாநிலத்துக்குக் கைமேல் என்ன கிடைக்கும் என்ற கேள்வி இதனால்தான் திரும்பத் திரும்ப எழுகிறது. மத்திய அரசு 2019இல் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு 60 மில்லியன் ரிங்கிட் கொடுக்கத் தொடங்கி, 2025 பட்ஜெட்டில் அதை 250 மில்லியனுக்கு உயர்த்தியது. நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். போதாது, ஆனால் திசை சரி.

அப்பா சொல்லும் வளர்ச்சிக்கு வருகிறேன். அவர் பக்கம் வலுவானது. குலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறந்தது. அதற்குப் பிறகு தோட்டத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை மாறியதை நான் கூடவே இருந்து பார்த்தேன். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை என்று இருந்த குடும்பத்தில், தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப்போன அக்காதான் தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பினார். பினாங்கில் இடம் இல்லாமல் போனதும் தொழில்கள் பெருநிலத்துக்கும் குலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் நகர்ந்தன. 2007இல் வட மண்டலப் பொருளாதாரத் திட்டம் வந்தது. இதையெல்லாம் வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாகப் பாடுகிறவர்கள் லயத்தில் மழைக்காலத்தைக் கழித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் வேலையும் வீடும் ஒன்றை ஒன்று தேடி வர வேண்டும். தோட்டத்தில் வேலைக்களமும் வீடும் ஒரே வேலிக்குள் இருந்தன. அது அடிமைத்தனம் போலவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது. புதுத் தாமான்களில் வீடு மட்டும்தான் இருக்கிறது. வேலை முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி. மோட்டார் சைக்கிள் தவணை, பெட்ரோல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று போன பிறகு 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் என்ன மிச்சம் என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்களைக் கேளுங்கள். தொழிற்பேட்டையையும் வீட்டையும் அருகருகே திட்டமிட்டு, நடுவில் பஸ் ஓட வழி வைத்தால் உங்கள் அப்பா சொல்வது முழுக்க உண்மையாகும்.

பாட்டி அழிவு என்பதில் மூன்று விஷயங்கள் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வீடு, பள்ளி, கோயில்.

வீட்டுக்குப் பெரங் பெசாரைச் சொல்லலாம். முதல் உலகப் போரில் சண்டை போட்ட ஆங்கிலேயர்கள் 1921இல் திறந்த தோட்டம், பெயரே அதனால் வந்தது. உலகமே நட்ட பி.பி. வகைப் பால்மரக் கன்றுகள் அங்கே உருவானவை. அந்த இடத்தில் இன்று புத்ராஜெயா இருக்கிறது. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம் விட்ட தொழிலாளர்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அந்தக் கட்டடங்களில் விரிசல் விழுந்தது, சொந்தத் தரைவீட்டுக்காக அவர்கள் காத்திருந்ததோ பத்தாண்டுக் கணக்கில். மாற்று வீடு முதலில் கட்டி முடியட்டும், அப்புறம் லயத்தை இடிக்கலாம் என்ற வரிசையை மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

பள்ளிக்கு நிலைமை வேறு. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது 530 அளவில் நிற்கின்றன. தோட்டம் காலியானதும் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள், பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. பிள்ளைகள் குடியேறிய தாமானிலோ பள்ளிக்கு நிலமே ஒதுக்கியிருப்பதில்லை. 150க்கும் குறைவான மாணவர்கள் என்றால் குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். நிலம் மாறப் போகிறது என்று தெரிந்த அன்றே பள்ளிக்கான இடத்தைத் திட்ட வரைபடத்தில் கேட்டு வாங்கியவர்கள் தப்பித்தார்கள். பிறகு கேட்டவர்கள் மந்திரி பெசார் அலுவலகத்துக்கும் கல்வி இலாகாவுக்கும் இடையே நடந்து தேய்ந்தார்கள். கோயிலுக்கும் இதே கதைதான். நூறு வருடக் கோயிலாக இருக்கும், ஆனால் காகிதத்தில் அது தோட்ட முதலாளியின் நிலம்.

காகிதத்தில் இல்லாதது எப்படிப் போகும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கமே உதாரணம் இருக்கிறது. சுங்கை பத்து தோட்ட நிலத்தில் இருந்த பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, அதாவது பழங்காலக் கோயிலின் எச்சம், மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டுவிட்டதாக 2013 இறுதியில் செய்தி வந்தது. கடாரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பழமையின் ஒரு துண்டு. நிலம் தனியாருடையது, அந்தச் சண்டி மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவாகவில்லை. இயந்திரம் ஓட்டியவருக்கு அது செங்கல் குவியலாகத்தான் தெரிந்திருக்கும். நிலத்தை அளக்கிற தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

பேச்சு என்கிறீர்கள், அறிவிப்பு இன்னும் வரவில்லை. அது நல்ல நேரம். செம்பனை மரத்துக்கு வணிக ஆயுள் சுமார் 25 வருடம். மறுநடவுக்கு வரும் வருடத்தில்தான் முதலாளி கணக்குப் போடுவார், மறுபடி நட்டு மூன்று வருடம் காத்திருப்பதா, மனையாக்கி விற்பதா என்று. மரம் உயரமாகி, குலை வெட்டும் கத்தியின் கம்பு எட்டாமல் போனால் அந்த வருடம் நெருங்கிவிட்டது என்று பொருள்.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டப்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், நான்கு வாரத்துக்குக் குறையாமல் ஆட்சேபம் கேட்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் அங்கே போவதே இல்லை. புல்டோசர் வந்த பிறகு பதாகை பிடிப்போம். வரைவு வைத்திருக்கும் மண்டபத்தில் அந்த நான்கு வாரமும் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். போனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். சிலாங்கூரில் கோல லங்காட் வட காட்டுக் காப்பகத்தின் ஒரு பகுதியை விடுவிக்க முயன்றபோது பல்லாயிரம் ஆட்சேபக் கடிதங்கள் குவிந்தன. 2021 மே மாதம் எடுத்த முடிவை அரசாங்கம் அதே வருடம் செப்டம்பரில் திரும்பப் பெற்றது. பூர்வகுடித் தெமுவான் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சாதாரண மக்களும் சேர்ந்து செய்தது அது.

நீங்கள் போகும்போது எதிர்க்கிறோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்காதீர்கள். ஓடி வரும் நீர் எந்த அல்லூர் வழியாக எந்த ஆற்றுக்குப் போகும், அந்தப் பாதையில் உள்ள பழைய குழாய்களை மாற்றும் செலவு யாருடையது என்று கேளுங்கள். குளத்தை எந்தத் தேதியில் யார் பொறுப்பேற்பார் என்பதை எழுத்தில் கேளுங்கள். மண் வெட்டும் மாதங்களில் வெறும் தரையை எப்படி மூடி வைப்பார்கள் என்று கேளுங்கள், அந்த மாதங்களில் இறங்கும் சேறு கால்வாயை அடைத்தாலும் வெள்ளம் வரும். லயத்தில் இப்போது குடியிருப்பவர்களின் பெயர்ப்பட்டியலை நீங்களே எடுத்து, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் மாற்று வீடு பேசும்போது அந்தத் தாளுக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

அதற்கு முன் ஒரு வேலை. பள்ளியும் கோயிலும் நிற்கும் லாட் எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டு மாவட்ட நில அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் கட்டித் தேடல் மனுப் போட்டால், கிராண்டில் யார் பெயர், எந்த வகை, ஏதாவது அடமானம் உண்டா என்பது எல்லாம் வந்துவிடும். பாட்டியையும் கூட அழைத்துப் போங்கள். பழைய எல்லைக் கல், அந்தக் காலத்து வாய்க்கால், கோயிலுக்குத் துரை எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் கடிதம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்குத்தான் தெரியும்.